கழுகின் முதுகுவலி

“ஒண்ணுக்கு எப்படி சார் போகுது?” என்று பிசியோதெரபி அறையில் அந்தப் பெண் கேட்டதுதான் தாமதம், கழுகு கட்டிலிலிருந்து இறங்கிச் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். முதுகுவலி என்று வந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஐம்பத்தெட்டு வயது மனுஷர். துறைமுகத்தில் முப்பது வருடமாகக் கிரேன் ஓட்டுகிறவர். நாற்பது மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பதால் கழுகு என்று பேர் வாங்கியவர். அவரிடம் போய், அதுவும் ஒரு பொம்பளைப் பிள்ளை, அதுவும் கையில் பேனாவோடு.

“முதுகுதாம்மா வலிக்குது. முதுக மட்டும் பாரு.”

“முதுகத்தான் சார் பாக்கறேன். ராத்திரி எத்தன தடவ எந்திரிக்கிறீங்க? முக்கித்தான் போக வேண்டியிருக்கா? போயிட்டு வந்தப்புறமும் மிச்சம் இருக்கற மாதிரி இருக்கா? உட்கார்ற இடம், தொடை உள்பக்கமெல்லாம் மரத்துப்போகுதா?”

“என் பொண்ணுக்கு உன் வயசும்மா. அவ இப்படிக் கேப்பாளா?”

“கேக்க மாட்டாங்க. அதான் நான் கேக்கறேன்.”

வாய்க்கு வாய் பதில். கழுகுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “எல்லாம் நல்லாத்தான் போகுது. குழாயத் தொறந்த மாதிரி போகுது. எழுதிக்க” என்றார். அவளும் எழுதிக்கொண்டாள்.

பொய். பச்சைப் பொய். குழாயைத் திறந்த மாதிரி போய் நான்கு வருடம் ஆகிறது. இப்போதெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். வருகிற மாதிரியே இருக்கும், வராது. வந்தாலும் சொட்டுச் சொட்டாக வந்து செருப்பில் விழும். வெளியே வந்து பத்து அடி நடப்பதற்குள் மறுபடியும் முட்டும். இதையெல்லாம் வாயைத் திறந்து சொல்லியிருந்தால் அன்றைக்கே பாதிக் கதை முடிந்திருக்கும். நம் ஆள் சொல்வாரா? வாயில் பூட்டு, சாவி கடலில்.

அவர் ஏன் சொல்லவில்லை என்று தெரிய வேண்டுமானால் அவர் உட்காருகிற இடத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வர வேண்டும். கப்பல் வந்து நிற்கிற கரையில் ஐந்து கிரேன்கள். மூன்றாம் நம்பர் இவருடையது. மேலே போக லிஃப்ட் கிடையாது, நூற்றுத் தொண்ணூறு படி இரும்பு ஏணி. உச்சியில் ஒரு கூண்டு. அந்தக் கூண்டுக்குத் தரையும் கண்ணாடி. இரண்டு கையிலும் இரண்டு லீவரைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலுக்கும் நடுவே குனிந்து பார்த்தபடியே, கப்பலில் இருக்கிற பெட்டியைத் தூக்கிக் கரையில் நிற்கிற லாரியில் வைக்க வேண்டும். பெட்டி என்றால் துணிப் பெட்டி இல்லை. உள்ளே ஒரு குடும்பம் குடித்தனம் நடத்தலாம், அத்தனை பெரிய இரும்புப் பெட்டி. எட்டு மணி நேரம் அப்படிக் குனிந்தே இருந்தால் யாருக்குத்தான் முதுகு வலிக்காது? அதனால் அங்கே யாருக்கு என்ன வந்தாலும் முதுகுவலி என்றுதான் பேர். வயிறு சரியில்லையா, முதுகு. மனைவியோடு சண்டை போட்டு லீவு எடுத்தானா, அதுவும் முதுகு.

கக்கூஸ் துறைமுகத்தின் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இறங்கி, நடந்து, போய்விட்டுத் திரும்பி ஏற முக்கால் மணி நேரம். அந்தக் கிரேனைச் செய்த புண்ணியவான்கள் காற்றை அளக்க ஒரு கருவி வைத்தார்கள், பெட்டியின் எடையைக் காட்ட ஒரு திரை வைத்தார்கள். உள்ளே உட்காருகிறவனுக்கும் வயிற்றுக்குக் கீழே ஒரு பை இருக்கிறது என்பது மட்டும் எவன் மூளைக்கும் எட்டவில்லை. சொல்லும்போதே பற்றிக்கொண்டு வருகிறது. ஆகவே சீட்டுக்குப் பின்னால் ஒரு பாட்டில். ஐந்து கூண்டிலும் பாட்டில். ‘ஹெல்மெட் போடறது போல்ட் விழும்னு இல்லடா, கழுகுக்கு மூடு சரியில்லன்னா மழை பெய்யும்’ என்று கீழே இருக்கிறவர்கள் சிரித்துக்கொள்வார்கள்.

பாட்டில் இளம் வயதில் சரி. வயது ஏறி, வருவதற்கே ஐந்து நிமிடம் ஆகும்போது, ஆடுகிற கூண்டில் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு எத்தனை நேரம் நிற்பது? அதற்குள் கீழே இருக்கிற சிக்னல்காரர் வாக்கிடாக்கியில் கத்துவார். கைச்சாடை காட்டியே பிழைக்கிறவர் என்பதால் அவருக்கு ஊமை என்று பேர். வாயைத் திறந்தால் மூட மாட்டார். “அண்ணே, லாரி நிக்குது. அண்ணே, தூங்கிட்டீங்களா? அண்ணே, அண்ணி ஞாபகமா?” அந்தக் குரல் கேட்டால் வரவிருந்ததும் உள்ளே போய்விடும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் கழுகுக்குச் சளி பிடித்தது. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மேலே ஏறினார். அன்றைக்கு ஷிஃப்ட் முடியும் வரை பாட்டில் ஞாபகமே வரவில்லை. மறுநாள் சளி போய்விட்டது, மாத்திரை மிச்சமிருந்தது. போட்டுப் பார்த்தார். அன்றைக்கும் வரவில்லை. புதையல் கிடைத்தவர் மாதிரி ஆகிவிட்டார் மனுஷர். காலையிலிருந்து தண்ணீர் குடிக்காதே, ஏறுவதற்கு முன்னால் ஒரு சளி மாத்திரை போடு, எட்டு மணி நேரத்துக்கு உன்னை எவனும் அசைக்க முடியாது. தனக்குத் தெரிந்ததைத் தன்னோடு வைத்துக்கொண்டாரா? இல்லை. கேன்டீனில் உட்கார்ந்து பாடம் நடத்தினார். ஐந்து கிரேனிலும் மூன்று ஷிஃப்டிலுமாகப் பதினைந்து பேர் ஓட்டுகிறார்கள், அதில் வயதான ஏழெட்டுப் பேர் கழுகு சொன்னால் வேதம் என்று பிடித்துக்கொண்டார்கள்.

வருடா வருடம் உடல்தகுதி ஃபாரம் ஒன்று வரும். ‘சிறுநீர்க் கோளாறு உண்டா? ஆம், இல்லை.’ கழுகு கண்ணை மூடிக்கொண்டு இல்லை என்று கோடு போடுவார். போன வருடம் ஒன்றாம் நம்பரை ஓட்டிய பெரியவர் அரிச்சந்திரன் மாதிரி சர்க்கரை வியாதி இருக்கிறது என்று எழுதினார். ஒரே வாரத்தில் அவரைக் கீழே இறக்கிக் கேட்டில் உட்காரவைத்து லாரி நம்பர் எழுதச் சொல்லிவிட்டார்கள். இன்றைக்கும் எழுதிக்கொண்டிருக்கிறார். கழுகுக்கு ரிட்டையர் ஆக இன்னும் இரண்டு வருடம். மேலே ஏறியவர் மேலிருந்தே ரிட்டையர் ஆக வேண்டும், கேட்டுக்குப் போகக்கூடாது. அவருக்கு இருந்த ஒரே ஆசை அதுதான், ஒரே பயமும் அதுதான்.

பிசியோவிடம் மூன்றாவது தடவை போனபோது அவள் அவரை முன்னால் குனிய வைத்தாள், பின்னால் வளைத்தாள், குப்புறப் படுக்கவைத்து அமுக்கினாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, “சார், முதுகுவலின்னா குனிஞ்சா கூடணும், படுத்தா குறையணும். உங்க வலி நான் என்ன பண்ணாலும் கண்டுக்க மாட்டேங்குது. இடுப்புக்கு மேல ரெண்டு பக்கமும் சும்மாவே வலிக்குதுங்கறீங்க. இங்க இருக்கற ஒரு மணி நேரத்துல மூணு தடவ பாத்ரூம் போறீங்க. இது முதுகு இல்ல. டாக்டருக்கு லெட்டர் தர்றேன், போய் ஸ்கேன் எடுங்க” என்றாள்.

“நான் சொல்லாததெல்லாம் எதுக்கு எழுதற?”

“நீங்க சொல்ல மாட்டேங்கறீங்க. உங்க உடம்பு சொல்லுது.”

தெருவுக்கு வந்ததும் கழுகு அந்தக் கடிதத்தை நான்காகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். வீட்டில் மனைவி, “என்னங்க சொன்னாங்க?” என்று கேட்டதற்கு, “எண்ணெய் தேச்சுக்கச் சொன்னா” என்றார்.

“ராத்திரி ஏழு தடவ எந்திரிக்கிறீங்களே, அதச் சொன்னீங்களா?”

“ஏழு தடவன்னு நீ உக்காந்து எண்ணினியா?”

“ஏழு தடவ நானும்தானே முழிக்கிறேன். கழுத்துக்குக் கீழ எதக் கேட்டாலும் கடிக்க வர்றீங்க. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷமாச்சு, எங்கிட்ட என்ன வெட்கம்?” என்று அவள் அழுதுகொண்டே உள்ளே போனாள். பாவம், அவளுக்கும் கோபம்தான். இந்த மனுஷரிடம் காட்ட முடியாமல் பாத்திரங்களிடம் காட்டினாள்.

அடுத்த வாரம் ஒருநாள் காலை ஷிஃப்ட். ஒரு மாத்திரை முன்போலக் கேட்காததால் கழுகு இரண்டு போட்டுக்கொண்டு ஏறினார். பத்து மணிக்கு முட்டிக்கொண்டு வந்தது. பாட்டிலை எடுத்தார். ஒரு சொட்டு இல்லை. உட்கார்ந்தார், எழுந்தார், மூச்சைப் பிடித்து முக்கினார். இல்லை. பதினொரு மணிக்கு அடிவயிறு கல் மாதிரி ஆகிவிட்டது. வியர்வை கண்ணில் இறங்கியது. இருபது டன் பெட்டி ஒன்று கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. லீவரைத் தள்ளும்போது வயிற்றுக்குள் எதையோ வைத்து முறுக்கின மாதிரி ஒரு வலி, கை தானாக இழுத்துவிட்டது. பெட்டி லாரியில் உட்காராமல் விளிம்பில் இடித்துச் சரிந்தது. பக்கத்தில் பெட்டியின் அடியில் இருக்கிற பூட்டைக் கழற்ற நின்ற ஆளை ஊமை சட்டையைப் பிடித்து இழுத்தார். ஒரு சாண். அவ்வளவுதான் இடைவெளி.

வாக்கிடாக்கியில் ஊமை முதல்தடவையாக ஒன்றும் பேசவில்லை. வெறும் மூச்சு மட்டும் கேட்டது.

நூற்றுத் தொண்ணூறு படி இறங்கக் கழுகுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. ஒவ்வொரு படியிலும் நின்று நின்று, ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினார். ஊமை அவரை வண்டியில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு ட்யூபைச் செருகினார்கள். ஒன்றேகால் லிட்டர் இறங்கியது. முப்பது வருடமாக யார் முன்னாலும் கண் கலங்காதவர் அந்த நர்ஸ் முன்னால் குழந்தை மாதிரி அழுதார். வலி போன சுகத்தில் வந்த அழுகை அது.

டாக்டர் வந்து உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். “ஆம்பளைங்களுக்கு சிறுநீர்ப்பைக்கு அடியில ஒரு சுரப்பி இருக்கு, பிராஸ்டேட்டுன்னு. வயசாக ஆக அது வீங்கும். அது நடுவுல போற குழாய நெரிக்கும். பாதிப் பேருக்கு மேல வர்றதுதான். ரத்தமும் எடுத்துப் பாத்துடலாம், கேன்சரோன்னு இப்பவே பயப்பட வேண்டாம். மாத்திரையில அடங்கும், இல்லன்னா ஒரு ஆபரேஷன். ஆனா நீங்க ரொம்ப நாள் தேக்கி வெச்சதுல அழுத்தம் கிட்னி வரைக்கும் போயிருக்கு. உங்க முதுகுவலில பாதி அதுதான். வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?”

“சளி மாத்திரை.”

“சளி இருக்கா?”

“இல்ல.”

கதையைக் கேட்டதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “மூக்குல ஒழுகறத நிறுத்துற மருந்து கீழயும் வாசல இறுக்கிடும். ஏற்கெனவே நெரிபடற குழாய அது மொத்தமா அடைச்சிடும். எந்த முட்டாள் சார் உங்களுக்கு இத சொன்னான்?”

கழுகு யாரைக் கை காட்டுவார்? சொல்வதற்கு வேறு ஆள் இருந்தால்தானே.

இரண்டு வாரத்துக்கு ட்யூப் இருக்கட்டும், மாத்திரை வேலை செய்த பிறகு எடுத்துப் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். தொடையில் ஒரு பையைப் பட்டை போட்டுக் கட்டிக்கொண்டு, லொடலொடவென்று ஒரு பேன்ட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஆபீஸில் ஊமை முந்திக்கொண்டு, “அண்ணனுக்கு முதுகு பிடிச்சுகிச்சு, அதான் கை இழுத்துருச்சு” என்று சொல்லிவிட்டார். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. கிரேன்காரனுக்கு முதுகு பிடிப்பது புதுசா? மூன்றாம் நம்பர் சீட் அவருக்காகக் காத்திருந்தது.

பிசியோவிடம் போகச் சொல்லி டாக்டர் எழுதியிருந்தார். பெட்டி சரிந்தது வரை எல்லாம் எழுதியிருந்த அந்தச் சீட்டை அவள் படித்தாள். “நான் குடுத்த லெட்டர் எங்க சார்?”

“குப்பையில.”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் கழுகுக்கு வசதியாக இருந்திருக்கும். “ஒரு ஆளு செத்திருப்பாரு. நீங்களும் செத்திருப்பீங்க. எனக்கு எவ்வளவு கோபம் வருது தெரியுமா? வயசுக்கு மரியாதை குடுக்கணும்னு பாக்கறேன்” என்றாள். பிறகு அவள் கட்டிலில் படுக்கச் சொல்லி, அடிவயிற்றையும் இடுப்பையும் தளர்த்துகிற மூச்சுப் பயிற்சியைக் காட்டிக்கொடுத்தாள்.

“இறுக்கிப் பிடிக்கணுமா?”

“முப்பது வருஷமா இறுக்கித்தானே சார் வெச்சிருக்கீங்க. உங்களுக்கு விடறதுக்குத்தான் பயிற்சி. ட்யூப எடுத்தப்புறம் உக்காந்து போங்க, முக்காதீங்க. முடிச்சதும் எந்திரிக்காம ஒரு நிமிஷம் இருந்து இன்னொரு தடவ போங்க. தண்ணிய நிறுத்தாதீங்க, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக் குடிங்க.” அந்தச் சீட்டில் மறுபடி கண்ணை ஓட்டிவிட்டுக் கேட்டாள். “மேல இன்னும் எத்தன பேரு சார் அந்த மாத்திரைய போடறாங்க?”

கழுகு மனசுக்குள் விரல் விட்டு எண்ணினார். ஏழு. எட்டு.

மாத்திரைதான் காரணம் என்று தெரியாத ஊமை நான்காம் நாள் பார்க்க வந்து ஊர்க்கதையெல்லாம் சொன்னார். நடுவில், “நம்ம மச்சானுக்கும் முதுகு ஆரம்பிச்சிருச்சுண்ணே. நீங்க இல்லாததுல டபுள் ஷிஃப்ட் ஓட்டறான். உங்க மாத்திரைதான் காப்பாத்துதுன்னு பெருமையா சொல்றான், ரெண்டு ரெண்டா போடறானாம்” என்றார். மச்சான் இரண்டாம் நம்பரை ஓட்டுகிறவன். பார்க்கிறவனையெல்லாம் மச்சான் என்று கூப்பிட்டுக் கடைசியில் அதுவே அவன் பேராகிவிட்டது. கழுகுக்கு ஆறு வயது இளையவன்.

கழுகு உடனே போன் போட்டார். “டேய், அந்த மாத்திரைய நிறுத்து.”

“ஏண்ணே? நீங்க கண்டுபிடிச்சதுதானே.”

“எனக்கு ஒத்துக்கல.”

“உங்களுக்கு முதுகு பிடிச்சதுக்கு நான் எதுக்குண்ணே மாத்திரைய விடணும்?” என்று அவன் சிரித்தான். பின்னால் கிரேன் இரைகிற சத்தம் கேட்டது.

கழுகு போனை வைத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. இப்போது அந்தச் சோற்றை எவனோ தின்றுகொண்டிருக்கிறான். உண்மையைச் சொன்னால்தான் அவன் நம்புவான். போனில் அவனிடம் மட்டும் சொல்லலாம், ஆனால் மற்ற ஏழு பேர்? எல்லாருக்கும் சொன்னால் ஆபீஸுக்குத் தெரியும். தெரிந்தால் ஃபாரத்தில் பொய் எழுதியது, மாத்திரை, சரிந்த பெட்டி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வரும். பிறகு கேட்டுதான், அதுவும் கொடுத்தால். வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் ஒரு மாதத்தில் மேலே.

மறுநாள் மத்தியானம் சட்டையை மாட்டினார். “எங்க போறீங்க இந்தப் பையோட?” என்று மனைவி கேட்டாள். “என் வாயால கெட்டத என் வாயாலயே சொல்லிட்டு வர்றேன்” என்று கிளம்பினார்.

கேன்டீனில் நாற்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் ஓர மேஜையில் பாதுகாப்பு அதிகாரி தனியாக உட்கார்ந்திருந்தார். ஃபாரங்களில் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான். கழுகு அவரைப் பார்த்தார், அவரும் கழுகைப் பார்த்துத் தலையாட்டினார். மச்சான், “வாங்கண்ணே, முதுகு எப்படி?” என்று இடம் விட்டான்.

“எழுந்திருடா” என்றார் கழுகு. “எல்லாரும் கேளுங்க. நான் சொல்லிக்குடுத்த சளி மாத்திரைய இன்னியோட தூக்கிப் போடுங்க. அது விஷம்.”

“அண்ணனுக்கு முதுகுல பிடிச்சது மூளைக்கு ஏறிருச்சுப்பா” என்று யாரோ சொல்ல, மேஜை முழுக்கச் சிரிப்பு.

கழுகு நாற்காலியில் ஒரு காலைத் தூக்கி வைத்து, லொடலொட பேன்ட்டைத் தொடை வரை சுருட்டினார். பட்டை, ட்யூப், பை. பையில் பாதிக்கு மேல் மஞ்சளாக நிறைந்திருந்தது. அவர் நடந்து வந்ததில் அது இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

“இதான்டா என் முதுகு” என்றார். “நாலு வருஷமா ஒண்ணுக்கு சரியா வரல. ஃபாரத்துல இல்லன்னு எழுதினேன். மாத்திரையப் போட்டு அடைச்சுக்கிட்டேன். அன்னிக்கு பெட்டி சரிஞ்சதே, அது இதனாலதான். ஒரு சாண்ல ஒருத்தன் தப்பிச்சான். சிரிங்கடா, ஏன் நிறுத்திட்டீங்க?”

அதிகாரி தட்டை நகர்த்திவிட்டு எழுந்து வந்தார். “நாளைக்கு ஆபீஸுக்கு வாங்க. எல்லாத்தையும் எழுதிக் குடுக்கணும். மூணாம் நம்பர்ல உங்கள இனிமே போட முடியாது, அது உங்களுக்கே தெரியும்” என்றார்.

“தெரிஞ்சுதான் வந்தேன். எழுதறேன். கூண்டுக்கும் கக்கூஸுக்கும் எவ்வளவு தூரம்னும் சேத்து எழுதறேன். மேல ஏறினவன் மனுஷனா இல்ல மரமான்னும் எழுதறேன். அதுலயும் நீங்க கையெழுத்துப் போடணும்.”

கழுகு பேன்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே நடந்தார். முப்பது வருடம் ஒரு நிமிடத்தில் போய்விட்டது. நெஞ்சு எரிந்தது. தன்மேல், அந்த ஃபாரத்தின்மேல், தன்னை வேதமாக எடுத்துக்கொண்ட அந்த மடையன்கள்மேல், எல்லார்மேலும் எரிந்தது.

பின்னால் யாரோ வேகமாக வருகிற சத்தம் கேட்டுத் திரும்பினார். மச்சான். முகம் வெளுத்திருந்தது. ஒரு கை அடிவயிற்றில் இருந்தது.

“அண்ணே, காலைலேர்ந்து எனக்கு ஒரு சொட்டு வரலண்ணே” என்றான், மற்றவர்களுக்குக் கேட்காமல்.

கழுகு அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தார். அதே கையால் அவன் தோளை அணைத்துப் பிடித்துக்கொண்டு கேட்டைப் பார்த்து நடத்தினார்.

“ஷிஃப்ட் இருக்குண்ணே. என் கிரேன் சும்மா நிக்கும். கப்பல் நிக்குதுண்ணே.”

“நிக்கட்டும்” என்றார் கழுகு. “நட.”